திராட்சைக் கொடியும் கவாத்துக் கத்தியும்



நம் நீலகிரியில் வீட்டு முற்றத்தில் திராட்சைக் கொடி வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை ஒன்றே: "சாமி, பந்தல் நிறைய இலை, பழத்தைத்தான் காணோம்." குளிரும் மழையும் ஒரு காரணம் என்பது மெய். திராட்சை வெயிலை விரும்பும். இலையில் ஈரம் தங்கினால் நோய் பிடிக்கும். மற்றொரு காரணமும் உண்டு. தழைத்த கொடியை வெட்ட நமக்கு மனம் வருவதில்லை.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். பன்னீர்த் திராட்சையை 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்பார்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே அறுவடை முடிந்த கொடியைக் கவாத்துச் செய்கிறார்கள். திரண்ட கிளையில் நாலைந்து கணுவை விட்டு, மற்றதை வெட்டிப் போடுகிறார்கள். வெட்டுவாயில் நீர் சொட்டும். கொடி செத்ததுபோல் தோன்றும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் அதே பந்தலில் குலைகள் தொங்கும்.

தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. கவாத்துச் செய்யாவிட்டால் தேயிலைச் செடி மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது.

ஒன்றைக் கவனியுங்கள். வெட்டப்படுவது காய்ந்த கிளை மட்டுமல்ல. போன தடவை குலை தாங்கிய நல்ல கிளையுந்தான். புதுத் தளிரில்தான் திராட்சை பூ வைக்கும். அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 15-ம் அதிகாரத்தில், தம்மைத் திராட்சைக் கொடியென்றும் தம் பிதாவைத் தோட்டக்காரரென்றும் சொன்ன ஆண்டவர் இதையே போதிக்கிறார். பாவத்தை விடச் சொன்னால் ஒப்புக்கொள்கிறோம். நல்லதை விடச் சொன்னால் முறையிடுகிறோம்.

பாகப்பிரிவினையில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். "நியாயம் என் பக்கம்" என்கிறான் ஒருவன். இருக்கலாம். சமாதானம் தளிர்க்க வேண்டுமானால், அந்த நியாயத்திலும் கொஞ்சம் வெட்டுப்படத்தான் வேண்டும். கலியாணமான மகனைக் கைவிட்டு அனுப்ப மாட்டாத தாயின் பாசமும் நல்ல கிளைதான். அதையும் கவாத்துச் செய்யாவிட்டால் புதுக் குடும்பம் தழைக்காது.

ஆனால் மனிதர் செய்யும் அநியாயத்தைச் சர்வேசுரனுடைய கத்தி என்று சொல்லாதீர்கள். குடித்துவிட்டு மனைவியை அடிப்பது கவாத்து அல்ல, கொடியை முறிப்பது. அவள் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்று எவரும் புத்தி சொல்ல வேண்டாம். பெற்றோரே, பிள்ளைகளைக் கண்டிக்கும்போதும் கணுவை விட்டு வெட்டுங்கள். துளிர்க்க இடமில்லாமல் வெட்டினால் கட்டைதான் மிஞ்சும்.

இவ்வாரம் குடும்ப செபமாலைக்குப் பின் ஒவ்வொருவரும் தம்மில் வெட்டவேண்டிய ஒரு கிளையைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சற்ற சகோதரன் வீட்டுப் படியை ஞாயிறு பூசைக்கு முன்னே ஏறுங்கள். வெட்டுண்ட கொடியின் பழமே இரசமாகிப் பீடத்துக்கு வருகிறது. வெட்டுக்கு அஞ்சி, இலையை மட்டும் ஏந்திக்கொண்டு நாம் அந்தப் பீடத்தண்டை வரலாமா?

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.