வரம் கேட்காதே, வரத்து பார்!

நிலக்கோட்டை பூச்சந்தை. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. மல்லிகை மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பரின் மகள், பிளஸ் டூ படிக்கிறவள், தராசுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், டெல்லி யுனிவர்சிட்டில பி.ஏ. ஆனர்ஸ் எகனாமிக்ஸ் படிக்கணும். எனக்கு சான்ஸ் இருக்கா? எங்க மிஸ் கண்டிப்பா கிடைக்கும்ங்கிறாங்க. பெரியப்பா, அதெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாக்கனிங்கிறாரு. நீங்களே சொல்லுங்க சார்.”

நான் வாய் திறப்பதற்குள், பூ கொண்டுவந்த விவசாயி ஒருவர் அவள் அப்பாவிடம் கேட்டார்: “இன்னைக்கு கிலோ என்ன வெல போகும்ண்ணே?”

அவர் நிமிரக்கூட இல்லை. “மொத்த வரத்தும் இறங்கட்டும்யா. வரத்து தெரியாம வெல சொல்றவன் யாவாரி இல்ல, ஜோசியக்காரன்.”

நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். “உன் கேள்விக்கும் சேத்துத்தாம்மா உங்கப்பா பதில் சொல்லிட்டாரு.”

தம்பி, தங்கையே! உனக்கும் அதுதான் பதில். “எனக்கு சான்ஸ் இருக்கா?” என்று யார் யாரிடமோ போய் நிற்கிறாயே, அது கேள்வியே இல்லை. அது வரம் கேட்பது. கேட்கப்படுகிறவர் சாமியும் இல்லை, கொடுக்கும் வரம் பலிப்பதும் இல்லை. ஒருவர் “கிடைக்கும்” என்றால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குகிறாய். இன்னொருவர் “கஷ்டம்” என்றால் மறுநாள் புத்தகத்தையே திறப்பதில்லை. உன் எதிர்காலத்தின் கடிவாளத்தைப் போகிற வருகிறவர் கையிலெல்லாம் கொடுத்துவிட்டு நிற்கிறாய்!

நீ படிக்க ஆசைப்படுவது பொருளாதாரம். இருப்பது கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம், அப்போது மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று சொல்லித் தரும் படிப்பு அது. சீட்டு கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். உன் அட்மிஷன்தான் அந்தப் படிப்பின் முதல் பாடம். அந்த முதல் கணக்கையே இன்னொருவர் போட்டுத் தர வேண்டும் என்றால், நீ எதற்குப் பொருளாதாரம் படிக்க வேண்டும்?

கதவு திறந்திருக்கிறதா?

முதலில் உண்மையைக் கண்ணுக்கு நேராகப் பார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் சேர பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். கியூட் நுழைவுத் தேர்விலும் கணிதம் எழுதியாக வேண்டும். ஒரு மொழித்தாள், கணிதம், கூடவே இரண்டு பாடங்கள், மொத்தம் நான்கு தாள். பள்ளியில் எகனாமிக்ஸ் படித்து நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் கணிதம் இல்லையென்றால் அங்கே உள்ளே விட மாட்டார்கள். எகனாமிக்ஸ் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவனிடம் கணிதம் இருந்தால் வழி விடுவார்கள்!

நண்பரின் மகள் எடுத்திருப்பது கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். “நான் எகனாமிக்ஸ் குரூப் இல்லையே சார்” என்று ஒரு வருடமாகத் தனக்குள் குமைந்திருக்கிறாள். இல்லாத பூட்டுக்குச் சாவி தேடியிருக்கிறாள். நீ எத்தனை இல்லாத பூட்டுகளுக்குப் பயந்துகொண்டிருக்கிறாய்?

இருக்கிற பூட்டையும் சொல்கிறேன். நம் தாலுகா அலுவலகம் தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலத்துக்கு உரியது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓ.பி.சி.க்கு உள்ள 27 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்க, உன் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். கிரீமி லேயரில் வராதவர் என்று மத்திய அரசின் படிவத்தில், நீ சேரும் நிதியாண்டுக்குச் செல்லும் சான்றிதழும் வேண்டும். அந்த நிதியாண்டு தொடங்கியதும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் முடிகிற காரியம். கடைசி நாளில் ஓடினால், மார்க் இருந்தும் உனக்குரிய இடம் கையை விட்டுப் போகும். தன்னம்பிக்கை என்பது கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று கத்துவது மட்டுமா? சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைப்பதும் தன்னம்பிக்கைதான்!

செத்துப்போன எண்களைச் சுமக்காதே

பெரியப்பா சொன்னதில் பொய் இல்லை. ஒரு காலத்தில் அது உண்மை. பள்ளி மதிப்பெண்ணை மட்டும் வைத்து கட்-ஆஃப் போட்ட காலம் அது. 2021இல் ஸ்ரீராம் காலேஜ் ஆஃப் காமர்ஸ் எகனாமிக்ஸ் ஆனர்ஸுக்கு முதல் பட்டியலில் கேட்டது 100 சதவீதம். அரை மார்க் போனாலும் அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. 2022இல் கியூட் வந்தது, ஆட்டமே மாறியது. இன்று பள்ளி மதிப்பெண் தகுதிக்கும், இருவர் சமமாக நிற்கும்போது யார் முன்னே என்று பார்க்கவும்தான். இடத்தைத் தருவது கியூட் மதிப்பெண். ஆட்டம் மாறிய பிறகும் பழைய ஸ்கோர் போர்டைப் பார்த்து அழுவாயா?

கியூட் வந்த பிறகு வெளியான பட்டியல்களிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதே. 2024 வரை நான்கு தாளுக்கும் சேர்த்து 800 மதிப்பெண். 2025 முதல் ஒவ்வொரு தாளிலும் 50 கேள்வி, எல்லாமே கட்டாயம், தாளுக்கு 250, மொத்தம் 1000. 2024 பட்டியலில் 720 என்றால் அது 90 சதவீதம். இன்று 720 என்றால் 72 சதவீதம். இதைக் கவனிக்காமல் “நான் 720 எடுக்கிறேன், சீட்டு உறுதி” என்று ஒருவன் துள்ளுகிறான். அவன் நம்பிக்கைக்கு என்ன மதிப்பு? அளவுகோல் தெரியாத நம்பிக்கை காற்றடைத்த பை. ஊசி பட்டால் போய்விடும்.

சிட்டையில் எழுது

அன்று சந்தையிலேயே, அவள் அப்பாவின் கடைச் சிட்டையைத் திருப்பி, பின்பக்கம் நான்கு கோடு போடச் சொன்னேன். இதுவரை எழுதிய ஐந்து மாக் டெஸ்ட்டில் ஒவ்வொரு பாடத்திலும் எடுத்த குறைந்த மார்க், அதிக மார்க். அவ்வளவுதான். அவள் எழுதினாள்.

ஆங்கிலம் 205, 220. வேதியியல் 170, 195. கணினி 200, 215. கணிதம்... கை கொஞ்சம் தயங்கியது. 95, 165.

சிட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “சார், மத்ததெல்லாம் அப்படியே நிக்குது. மேட்ஸ் மட்டும்தான் எழுபது மார்க் ஆடுது.”

பார்த்தாயா! “சான்ஸ் இருக்கா” என்று ஊரெல்லாம் கேட்டவளுக்கு, அந்த சான்ஸ் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று ஒரு சிட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. பெரியப்பாவிடம் இல்லை, மிஸ்ஸிடம் இல்லை, டெல்லியிலும் இல்லை. அந்த எழுபது மார்க்கில் இருக்கிறது.

நீயும் எழுது. உன் மொத்தத்தின் அடிமட்டம் எது, உச்சம் எது என்று பார். பல்கலைக்கழகம் வெளியிட்ட சென்ற ஆண்டுப் பட்டியலில், உன் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியும் எந்த மதிப்பெண்ணில் நின்றது என்று பக்கத்தில் எழுது. உன் அடிமட்டத்துக்கும் கீழே நின்ற கல்லூரி கைக்குள் இருக்கிறது. அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே நின்றது மல்லுக்கட்டும் இடம். உச்சத்துக்கும் மேலே நின்றது எட்டிப் பிடிக்க வேண்டியது. மூன்று கூடையிலும் கல்லூரி இருக்கட்டும். சென்ற ஆண்டு விலையிலேயே இந்த ஆண்டும் நிற்கும் என்று எந்தப் பூ வியாபாரியும் சொல்ல மாட்டார். ஆனாலும் அவர் நேற்றைய விலையைப் பார்க்காமல் கடை திறப்பதில்லை.

பயத்துக்கு விலை உண்டு

கணக்குப் போட்டுவிட்டாயா? இனிமேல் பயத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஏனென்றால் பயம் மார்க்கைத் தின்னும். எப்படி என்று காட்டுகிறேன்.

கியூட்டில் சரியான விடைக்கு 5, தவறான விடைக்கு 1 குறையும். நான்கு விடைகளில் ஒன்று சரி. ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் நான்கு கேள்விக்கு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 5 வரும், மூன்று தவறி 3 போகும், கையில் 2 நிற்கும். இரண்டு விடைகள் தவறென்று உனக்கே தெரிந்து, மிச்சம் இரண்டில் ஒன்றைக் குறித்தால்? நான்கு கேள்வியில் இரண்டு சரி, 10 வரும், 2 போகும், கையில் 8! “நெகட்டிவ் மார்க் இருக்கு” என்று நடுங்கி விட்டுவிட்டு வந்தவனுக்குக் கிடைத்தது பூஜ்யம். விதிகளே துணிந்தவன் பக்கம் சாய்ந்திருக்க, நீ ஏன் ஒதுங்கி நிற்கிறாய்?

விருப்பப் பட்டியலிலும் இதே கோழைத்தனம்தான். கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொன்னால், “பெரிய காலேஜை முதலில் போட்டால் சின்னதும் போய்விடுமோ” என்று பயந்து, கிடைக்கக்கூடியதை முதலிடத்தில் போடுகிறார்கள். அய்யோ, அது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது! மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, உன் மதிப்பெண்ணுக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைத் தருகிறது அங்குள்ள ஒதுக்கீட்டு முறை. ஆசைப்பட்டதை உச்சியில் போட்டதற்காக உன்னை யாரும் தண்டிப்பதில்லை. கீழே போட்டால், அதற்கு மேலே உள்ளது கிடைத்த நொடியே அது உன் கணக்கிலிருந்து போய்விடும். வரிசை ஆசையைச் சொல்லட்டும், நீளம் எச்சரிக்கையைச் சொல்லட்டும். உச்சியில் கனவைப் போடு. கீழே முடிந்தவரை நீட்டிக்கொண்டே போ.

பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்றொரு சொல் உண்டு. ஒன்றைச் செய்வதற்காக நீ கைவிட்ட மற்றொன்றின் மதிப்பு அது. இரவு பதினொரு மணிக்கு “இந்த ஆண்டு கட்-ஆஃப் எகிறுமா?” என்று பன்னிரண்டு நிமிட வீடியோ பார்க்கிறாய். ஐந்து வீடியோ பார்த்தால் ஒரு மணி நேரம். கியூட்டின் ஒரு முழுக் கணிதத் தாளுக்கு உள்ள நேரம் அதுதான்! வாய்ப்பைப் பற்றி விசாரித்தே வாய்ப்பைச் செலவழிக்கிறவன் நீயாக இருக்காதே.

ஒரு கதவு மூடினால்?

மூடட்டும்! ஸ்ரீராமோ, ஹிந்துவோ, மிராண்டா ஹவுஸோ, திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வெங்கடேஸ்வராவோ, இந்தக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் பாடத்திட்டம் ஒன்றுதான், பட்டம் தருவதும் ஒரே பல்கலைக்கழகம்தான். நண்பர்களும் நூலகமும் சூழலும் வேறுபடும், மறுக்கவில்லை. ஆனால் பாடம் படிக்கப் போவது நீ.

டெல்லியே கிடைக்கவில்லையா? திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படித்த பெண் ஒருவர், எம்.ஏ.வுக்கு ஜே.என்.யு. போனார், 2019இல் நாட்டின் நிதியமைச்சர் ஆனார். நிர்மலா சீதாராமனின் அரசியல் உனக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். பாதையைப் பார். இளங்கலையில் ஒரு வாசல் என்றால் முதுகலையில் மறுபடியும் வாசல்கள் திறக்கும். 1949 முதல் இருக்கும் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. ராஜா செல்லையா 1993இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் சென்னையிலேயே இருக்கிறது. பதினேழு வயதில் வந்த ஓர் எண் உன் இருபத்தேழு வயதைத் தீர்மானிக்கும் என்று எவன் சொன்னான்?

அன்று காலை எட்டு மணிக்கு வரத்து முழுவதும் இறங்கியது. நண்பர் ஒரு சுற்று சுற்றி வந்து விலை சொன்னார். குரலில் துளி தயக்கம் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்ட குரல் அது. மகள் அந்தச் சிட்டையை நாலாக மடித்துக் கணிதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் போன் செய்தாள். சான்ஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சார், மேட்ஸ்ல கீழ் மார்க் 95லருந்து 130க்கு ஏறிடுச்சு. இன்டெக்ரேஷன்ல மட்டும் இன்னும் இடிக்குது, நல்ல புத்தகம் சொல்லுங்க.” கேள்வி மாறிவிட்டது. ஆளும் மாறிவிட்டாள்.

அவளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று இன்று என்னைக் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். அவளுக்குத் தெரியும்.

உன் சிட்டை எங்கே?