சொல்வதை எழுதுபவர்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. தனி அறை. ஒரு மாணவன், ஒரு டீச்சர், நடுவில் ஒரு கேள்வித்தாள். பையனுக்கு டிஸ்லெக்ஸியா. கணக்கு புரியும், வாயால் சொல்லவும் வரும். எழுத்தை வாசிப்பதும் எழுதுவதும்தான் ஒவ்வொரு வரியிலும் மல்லுக்கட்டு. அதனால் அவன் சொல்ல, டீச்சர் எழுதுகிறார். தேர்வுத் துறையின் தமிழில் அவருக்கு 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். இருபடிச் சமன்பாட்டில் கூட்டல் வரவேண்டிய இடத்தில் பையன் கழித்தல் என்கிறான். பேனா நிற்கிறது. அவர் கணக்கு டீச்சர் இல்லை. ஆனாலும் தப்பு என்று தெரியும், பத்தாம் வகுப்புக் கணக்குதானே. பையன் கவனிக்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

இது நான் கற்பனை செய்துகொண்ட காட்சி. விதி தெளிவாகவே இருக்கிறது: சொன்னதை எழுது. ஆனால் விதியைச் சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிட மனசு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பேனா நிற்கும் ஊர் நாமக்கல்லாக இருக்கலாம், ராசிபுரமாக இருக்கலாம், திருச்செங்கோடாக இருக்கலாம். முட்டையும் லாரியும் ரிக் வண்டியும் போல மதிப்பெண்ணும் இங்கே ஒரு தொழில். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த இந்தச் சின்ன மாவட்டத்தின் விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முதல் மூன்று இடம் பிடித்தவர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியது. பெற்றோர் மனசில் அது இன்னும் நிற்கவில்லை. 'பிராய்லர் பள்ளி' என்று இந்தப் பள்ளிகளைக் கிண்டல் செய்வார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, அது பள்ளியைவிடப் பிள்ளைகளைத்தான் அதிகம் கேவலப்படுத்துகிறது. எப்படியோ, ஒரு மார்க் என்றால் என்ன என்று இந்த ஊர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கே வழக்கமாக எழும் முணுமுணுப்பு வேறு. "அவனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ராவா? நானுந்தான் டைம் பத்தாம ரெண்டு கேள்வி விட்டுட்டு வந்தேன்!" இதைப் பொறாமை என்று தள்ளிவிடக் கூடாது, நியாயமான கேள்விதான். தேர்வு எழுதும் வேகத்தை அளக்கிறது என்றால் கூடுதல் நேரம் தருவது தப்பு. ஆனால் மதிப்பெண் பட்டியலில் 'எழுதும் வேகம்' என்று ஒரு பாடம் கிடையாது. கணக்கு, அறிவியல் என்றுதான் போட்டிருக்கிறது. அளப்பதாகச் சொல்வது ஒன்று, அளப்பது வேறொன்று. அப்படிப் பார்த்தால் முணுமுணுக்கும் பையனின் வழக்கு தேர்வோடுதான், பக்கத்து அறையில் இருப்பவனோடு இல்லை.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு என்ற பேச்சே இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது அதையும் சேர்த்தது. கூடுதல் நேரம், எழுதித் தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தால்தான் எழுதித் தருபவர் கிடைப்பார் என்ற பிடிவாதத்தை 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உடைத்தது. அவருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதித் தருபவரைக் கேட்டுக் கிடைக்காமல்தான் நீதிமன்றம் போனார். வாசிக்கத் திணறுவதைச் சதவீதத்தில் அளப்பதே விநோதம்தான், அது கிடக்கட்டும்.

நின்றுபோன பேனாவுக்கு வருவோம். டீச்சரின் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. பத்து வருஷம் இந்தப் பையனுக்குப் பள்ளி என்ன செய்தது? "மக்கு", "சோம்பேறி", கடைசி பெஞ்ச். சான்றிதழ்கூட, பொதுத்தேர்வு நெருங்கி, ரிசல்ட் கெட்டுப்போகுமே என்று பயந்த பிறகுதான் வாங்கப்பட்டது. இத்தனை பாக்கி வைத்திருக்கும்போது ஒரு கூட்டல் குறியை நான் போட்டுக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? "பாவம், பாஸாகட்டுமே." முப்பத்தைந்துக்கும் முப்பத்துமூன்றுக்கும் நடுவில் ஒரு பையனின் பிளஸ் ஒன் இருக்கிறது. ஃபெயிலானால் அவன் திரும்பப் பள்ளிக்கூடம் வருவானா, பட்டறைக்குப் போவானா என்று யாருக்குத் தெரியும்? இந்த வாதத்தைக் கல்நெஞ்சோடு தள்ள என்னால் முடியாது.

ஆனாலும் போடக் கூடாது என்றே நினைக்கிறேன். நேர்மை, விதி என்பதையெல்லாம்விட, அந்தக் கூட்டல் குறி யாருடையது என்பதுதான் காரணம். பக்கத்து அறையில் தப்பாக எழுதும் பிள்ளையின் தப்பு அதனுடையது. வீட்டுக்கு வந்து "அட, அங்க மைனஸ் போட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்ளலாம். இவனுக்கு அதுவும் இல்லை. சரியாக வந்தால் டீச்சர் போட்டது, தப்பாகப் போனால் அவர் கவனிக்கவில்லை. எண்பது வாங்கினாலும் ஊர் "எழுதிக் கொடுத்தாங்க" என்றுதான் சொல்லும். ஒரு இடத்திலாவது அது உண்மை என்றால் அவன் எதை வைத்து மறுப்பான்? இன்னொன்று, அந்தக் குறியால் பள்ளியின் பாக்கியும் தீர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். தேர்ச்சி விகிதம் நூறு. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சரி, சொன்னதை அப்படியே எழுதினால் நியாயம் கிடைத்துவிடுமா? அங்கேதான் சிக்கலே. பையன் சொல்கிறான்: "மைனஸ் பி, ப்ளஸ் ஆர் மைனஸ், ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ." வர்க்கமூலக் குறி எங்கே முடிகிறது? 'பை டூ ஏ' முழுவதற்கும் கீழேயா, கடைசித் துண்டுக்கு மட்டுமா? வாய் அதைச் சொல்லவில்லை. சூத்திரம் தெரிந்த கை தானாகச் சரியாக எழுதும். தெரியாத கை எழுதினால், பையன் சரியாகச் சொன்னது தாளில் தப்பாகும். இரண்டிலும் டீச்சர் எதுவும் திருத்தவில்லை.

பிள்ளையார் வியாசருக்குப் பாரதம் எழுதிய கதை எல்லோருக்கும் தெரியும். நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று பிள்ளையார் நிபந்தனை போட, பொருள் புரிந்த பிறகே எழுத வேண்டும் என்று வியாசர் பதில் நிபந்தனை போட்டார். தேர்வறை இதைத் தலைகீழாக்குகிறது. எழுதுபவர் புரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளவே கூடாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லச் சொல்ல, உ.வே.சா. போன்ற மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். அதனால் அந்தப் பாட்டுகள் பிள்ளையுடையவை இல்லை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அங்கே சொல்பவரும் எழுதுபவரும் கூடவே இருந்து பழகியவர்கள். எங்கே சீர் பிரியும், எங்கே அவர் யோசிக்க நிறுத்துகிறார், எங்கே முடித்துவிட்டார் என்று எழுதும் கைக்குத் தெரிந்திருக்கும்.

தேர்வறைப் பையன் அந்த டீச்சரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறான். வாழ்நாளில் ஒரு பதிலைக்கூட அவன் வாயால் சொல்லி யாரும் எழுதியதில்லை. 'ரூட் ஆரம்பம், ரூட் முடிவு' என்று சொல்லப் பழக வேண்டும். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கூச்சமில்லாமல் "அதை அடிங்க டீச்சர், வேற சொல்றேன்" என்று சொல்ல வர வேண்டும். இது ஒரு தனி வித்தை, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டியது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் கை பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கும் என்று 2009இல் மத்திய அரசு தனித் திட்டம் கொண்டுவந்தது; அது இப்போது சமக்ர சிக்ஷாவுக்குள் இருக்கிறது. சிறப்பாசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உத்தரவிட்டது. தொகுப்பூதியத்தில், பள்ளி பள்ளியாகச் சுற்றும் ஒருவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒரு பையனின் எதிரில் உட்கார முடியும்?

வகுப்புத் தோழன் ஒருவன் உட்காரலாம். தினம் இருபது நிமிஷம் போதும். இவன் சொல்ல, அவன் அப்படியே எழுதிக் காட்ட வேண்டும். அப்படியே எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவனும் கற்றுக்கொள்வான். ஆனால் காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் ஸ்டடி போடும் ஒரு விடுதியில் அந்த இருபது நிமிஷத்தை யாரிடம் கேட்பது? "எம் பையன் மார்க்கு கொறைஞ்சா நீங்க பொறுப்பெடுத்துக்குவீங்களா சார்?" என்று தோழனின் அப்பா ஃபோனில் கேட்பார், ரொம்ப மரியாதையாகத்தான்.