படம் போதாதோ?

சாலமன் தீவுகளின் குவாடல்கனல் மலைக்காட்டில் வாழ்வது மீசை மீன்கொத்தி என்னும் அரிய பறவை. அதன் ஆண்பறவையை 2015ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் குழுவினருடன் சென்று முதன்முறையாகப் படம் பிடித்தார். பின்னர், அருங்காட்சியகச் சேகரிப்பிற்காக அப்பறவையின் உயிர் போக்கப்பட்டது.

அக்காட்டில் அவ்வினம் அருகிவிடவில்லை. உடலை ஆராய்ந்து பெறும் அறிவு காட்டைக் காக்க உதவும் என்பது அவர் வாதம். அநேகாந்தம் பயின்ற நாம் அதனையும் செவிமடுத்தல் வேண்டும். அவர் நோக்கம் கொடுமையன்று.

ஆயினும், இல்லறத்தார்க்கு மனைவினை, தொழில், தற்காப்பு ஆகியவற்றில் நேரும் இம்சை முற்றும் விலக்க இயலாதது. எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப இம்சையோ அறவே விலக்கத்தக்கது. ஆயிரம் பறவைகள் எஞ்சினும், மாண்ட பறவைக்குத் தன்னுயிர் ஒன்றே.

அவரைப் பழிக்குமுன் நம்மை நோக்குவோம். கூட்டுப்புழுக்கள் கொதிநீரில் மாள்வதை அறிந்தும் திருமணத்திற்குப் பட்டாடை தேடுகிறோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைச் சேர்ப்பனவே. அவர்க்கு அறிவு என்னும் காரணமேனும் இருந்தது. நமக்கு அழகன்றி வேறென்ன உண்டு?