எய்தவனும் அம்பும்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்பது நம் முன்னோர் மொழி. தீங்கு விளைந்த இடத்தில் கருவியைப் பழிக்காதே, அதை ஏவியவனைத் தேடு என்பது இதன் கருத்து. ஆயினும் அம்பைத் தேர்ந்தெடுத்தவனும் எய்தவனே அல்லவா? அவ்வாறாயின், எத்தகைய அம்பைத் தேர்ந்தான் என்பதும் அவன் அறச் செயலின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. கருவியைத் தேர்வதில் மனச்சான்றுக்கு இடமுண்டா என்னும் வினாவைச் சற்றே சிந்திப்போம்.

வட அமெரிக்காவில் வில்வேட்டை இன்றும் சட்டம் இசைந்த வழக்கம். அங்குள்ள வேட்டையாளரிடையே நெடுநாளாக ஒரு வாதம் நிகழ்ந்து வருகின்றது. அம்பின் முனை இருவகைப்படும். ஒன்றில் எஃகு அலகுகள் அசையாது நிற்கும். இதனை நிலைமுனை எனலாம். மற்றொன்றில் அலகுகள் பறக்கும்போது மடங்கியிருந்து, விலங்கின் உடலில் படும் கணத்தில் விரியும், இது விரிமுனை. நிலைமுனையின் அகலம் பெரும்பாலும் 1 அங்குலத்தை ஒட்டியது. விரிமுனை 1½ அங்குலம், 2 அங்குலம் என அகன்று வெட்டும். அகன்ற காயம் விரைந்த இறப்பைத் தரும், குறி சற்றே பிசகினாலும் விலங்கு நெடுநேரம் துடிக்காது என்பர் விரிமுனையை விரும்புவோர். அசையும் உறுப்பு எதுவாயினும் ஒருநாள் பழுதுபடும், அலகு விரியாமற் போனால் அல்லது எலும்பில் பட்டுச் சறுக்கினால் துன்புறுவது விலங்குதான் என்பர் மற்றவர்.

இவ்வாதத்தை வெறும் கருத்தளவில் விட்டுவிடாமல் கணக்கெடுத்தும் பார்த்துள்ளனர். மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்னும் கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை பயிற்சி பெற்ற வில்லாளர் எய்த மான்கள் 908. அவற்றுள் கண்டெடுக்கப்பட்டவை 746. எஞ்சிய 162 மான்கள் புண்ணோடு காட்டுக்குள் மறைந்தன. அவற்றுள் சில பிழைத்திருக்கலாம். பின்னர் அதே தளத்தில் இருவகை முனைகளையும் ஒப்பிட்டபோது, நிலைமுனையால் அடிபட்டவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 82, விரிமுனையால் அடிபட்டவற்றுள் ஏறத்தாழ 91 கண்டெடுக்கப்பட்டன. எளிய முனையே நம்பத்தக்கது என்று எண்ணியோருக்கு இது வியப்பாக இருந்திருக்கும். ஆயினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. அலகை விரிப்பதற்கே அம்பின் விசையில் ஒரு பங்கு செலவாகிவிடுகின்றது. வில் வலுக் குறைந்ததாயினும், விலங்கு பெருத்த எலும்புடையதாயினும் ஊடுருவும் ஆற்றலே முதன்மை பெறுகின்றது. அங்கு நிலைமுனைக்கே மதிப்பு. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் வியந்ததும் இவ்வூடுருவும் ஆற்றலைத்தானே!

எனவே, எம்முனை சிறந்தது என்பதற்கு எவ்விடத்துக்கும் பொருந்தும் விடை இல்லை. ஆனால் அவ்வினாவுக்கு முன்னே கேட்கவேண்டிய வேறொரு வினா உண்டு: கருவி தவறினால் விலை கொடுப்பவர் யார்?

நம் களம்பூர், ஆரணி வட்டாரத்துத் தறிகளை நினைத்துப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனியாது நெய்துவிட்டால் சேலையில் குறை விழுகின்றது, கூலி குறைகின்றது. தவறியவரே விலை கொடுக்கின்றார். ஆதலால் அவர் கை தானாகவே நின்று, இழையைத் தேடிப் பிணைத்துவிட்டு மேலே செல்கின்றது. வேட்டையில் அவ்வாறில்லை. தவறியவன் வீடு திரும்பி உணவு உண்கின்றான். விலை முழுவதையும் மான் புதருக்குள் தனியே செலுத்துகின்றது. தண்டனை தன்மேல் விழாத இடத்தில்தான் மனச்சான்று கூர்மையாக இருக்கவேண்டும்.

யூதர்களின் பழைய நெறியொன்று இதை நன்கு உணர்த்துகின்றது. விலங்கை அறுக்கும் கத்தியில் சிறு பள்ளமும் இருத்தலாகாது. அறுப்பதற்கு முன்னும் பின்னும் அதன் விளிம்பைத் தடவிச் சோதிப்பர். அறுத்தபின் பழுது காணப்பட்டால் அவ்விறைச்சி உண்ணத் தகாததாகிவிடும். கருவியின் குறைக்கான இழப்பை மனிதன் தலைமேலும் ஏற்றிவைத்த சட்டம் இது. நம் ஒழுக்கநெறி இறையியல் நூல்களிலும் ஒரு பழகிய எடுத்துக்காட்டு உண்டு: புதரில் அசைவது மானா மனிதனா என்னும் ஐயம் நீங்காதவரை வேடன் எய்யலாகாது. பிறர்க்குக் கேடு வரக்கூடிய இடத்தில் உறுதியான வழியையே கொள்ளவேண்டும் என்பதே அதன் சாரம். விலங்கு மனிதனுக்கு நிகரன்று. எனினும் தேவையின்றி அதனைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கின்றது.

'இங்கே வில்வேட்டை ஏது?' என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டைக்குத் தடை விதித்துள்ளது. ஆனால் காட்டோரக் கழனிகளில் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் சுருக்கும், அவுட்டுக்காயும், கள்ள மின்வேலியும் இவ்வினாவை நம் வாசலுக்கே கொண்டுவருகின்றன. அம்பின் பின்னாலாவது ஒரு கண் இருக்கின்றது. எய்யாமல் நிறுத்திக்கொள்ள ஒரு கை இருக்கின்றது. வெடியைப் பொதித்துவிட்டு உறங்கச் செல்பவனுக்கு அதுவும் இல்லை. வாய் சிதைந்த விலங்கு பல நாள் பட்டினியால் மடிகின்றது. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயலைக் காக்க இட்ட மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயிழந்து நின்றன. ஒரு பருவத்து உழைப்பை ஓரிரவில் இழக்கும் உழவரின் துயரம் பெரிது. அதற்குரிய இழப்பீடு காலத்தே கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடன். எனினும், எதன்மேல் விழும் என்று அறியாத கருவியை இருளில் விட்டுவைப்பதற்கு அத்துயரம் உரிமை தந்துவிடாது.

பட்டையே வாழ்வாகக் கொண்ட நாம் இவ்வினாவினின்று முற்றும் விலகி நிற்கவும் இயலாது. ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளம் வரை இழை வருகின்றது. பூச்சி வெளிவந்தால் கூடு துளைபட்டு இழை அறுபடும் என்பதால் புழு உள்ளிருக்கும்போதே வெப்பத்தால் கொல்லப்படுகின்றது. பூச்சியைப் பறக்கவிட்டு, எஞ்சிய கூட்டை நூற்றெடுக்கும் அகிம்சைப் பட்டும் இன்று உண்டு. அதில் வழவழப்புக் குறைவு, விலை அதிகம். இதனால் தறியை நிறுத்துங்கள் என்று சொல்லவரவில்லை; பல குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகின்றது. நாம் உடுப்பதற்கும் உண்பதற்கும் எங்கோ ஓர் உயிர் விலை கொடுக்கின்றது என்பதை அறிந்து வாழ்வோமாக. அறிந்தவன் வீணாக்கமாட்டான், துடிக்கவிடவும் மாட்டான்.

அம்பின் முனையைக் கூர்மையாக்கும் கலை வளர்ந்துகொண்டே செல்லும். தெளிவாகக் குறி தெரியாதபோது நாணைத் தளர்த்தி, அம்பைத் தூணிக்குத் திருப்பும் கை எய்தவனுடையது. அதைச் செய்து தரும் பொறி எதுவும் இல்லை.