முதலில் பாடியவர் யார்?

2021-இல் மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் உலு யாமிலும் பத்தாங் காலியிலும் வீட்டோடு அடைந்து கிடந்த நாள்களில், சிங்களத்தில் ஒரு சொல்கூடத் தெரியாத நம் பிள்ளைகள் ‘மணிகே மகே ஹிதே’ பாட்டை முணுமுணுத்தபடி இருந்தார்கள். யார் பாடியது என்று கேட்டால், இலங்கைப் பாடகி யோஹானி என்று பதில் வரும்.

ஆனால் அந்தப் பாட்டு 2020 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. முதலில் பாடியவர் சதீசன் ரத்னாயக்க. இசை சமத் சங்கீத். அப்போது இலங்கைக்கு வெளியே அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மறு ஆண்டு மே மாதம் யோஹானி பாடியதும் கடல் தாண்டியது. அமிதாப் பச்சன் தம் பழைய ஆட்டக் காட்சி ஒன்றோடு அதைப் பகிர்ந்தார். 2022-இல் ஓர் இந்திப் படத்திலும் இடம்பெற்றது. இதில் என் மனம் நிற்கும் இடம் வேறு. யோஹானியின் பதிவில் சதீசனும் சேர்ந்து பாடியிருக்கிறார். புகழ் வந்த வாசலில் பாட்டுக்குச் சொந்தக்காரரும் நின்றார். அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அமெரிக்கப் பாடகி குளோரியா ஜோன்ஸுக்கு வாய்க்கவில்லை. ‘டெயின்டட் லவ்’ என்ற அவருடைய பாட்டு 1965-இல் ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்தது. முன்பக்கமும் விலைபோகவில்லை, பின்பக்கமும் விலைபோகவில்லை. 1970-களில் வட இங்கிலாந்தின் நடனக் கூடங்களில் அந்தப் பழைய தட்டைத் தேடிப்பிடித்துச் சுழலவிட்டார்கள். அந்த வரவேற்பைப் பார்த்து 1976-இல் குளோரியாவே மீண்டும் பாடிப் பதிவு செய்தார். அதுவும் எடுபடவில்லை. 1981-இல் ‘சாஃப்ட் செல்’ என்ற இருவர் குழு அதைப் பாட, பிரிட்டனில் முதலிடம். அதே பாட்டு, அதே மெட்டு. முதல் குரலில் என்ன குறை இருந்தது? நான் கேட்டவரை, ஒன்றுமில்லை. கேட்கும் காதுகள் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்று உண்டு. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ 1980-இல் ஓடாமல் போன படம். அதில் இளையராஜா இசையில், வாலியின் வரிகளில் எஸ்.பி.பி. பாடிய ‘மடை திறந்து’ பாட்டைத் தமிழ்நாடு மறக்கவில்லை, உண்மை. ஆனாலும் இங்கே ஒரு தலைமுறைக்கு அது 2006-இல் யோகி பி, நட்சத்திராவின் ‘வல்லவன்’ தொகுப்பின் வழியாகத்தான் வந்தது. மலேசியாவில் புதுப்பித்த பாட்டு தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போய் ஓடியதில் எனக்கு இன்றும் பெருமை.

இவர்களுக்கெல்லாம் ஒரு பதிவாவது இருந்தது. யாரோ ஒருவர் பின்னால் வந்து தேடினால் கிடைக்கும். நம் தோட்டங்களில் பெரட்டுக்குப் போகும் முன் தொட்டில் ஆட்டியவர்களின் தாலாட்டுக்கும், பால்மரக் காட்டில் கைவேலையோடு கலந்து வந்த பாட்டுக்கும், லயத்து இழவு வீட்டு ஒப்பாரிக்கும் பெரும்பாலும் அதுவும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிபட்டு, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். பெரும்பாலான பாட்டுகள் பாட்டிமாரின் நினைவில் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அவற்றைப் பாட நாளை ஒரு யோஹானி வரலாம். வந்தால் எதைக் கேட்டுப் பாடுவார்?

இன்று வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தோட்டத்தில் வளர்ந்த பாட்டி ஒருவர் இருந்தால், கைத்தொலைபேசியை அவர் முன் வையுங்கள். பாடச் சொல்லும் முன், தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும், அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.