அறிவுரையின் இரண்டாம் பாதி



பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல்சேரும் தாமிரபரணியின் நீர் எத்துணைத் தெளிவாகத் தோன்றினும், அதனுள் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்கள் எண்ணிறந்தன. "நீரை வடித்துப் பருகு" என்று நம் பெற்றோர் நமக்குக் கூறியது இதனாலேயே. அவ்வறிவுரைக்கு இரண்டாம் பாதி ஒன்றுண்டு: "வடித்த துணியை, நீர் எடுத்த இடத்திலேயே அலசிவிடு." துணியில் தங்கிய உயிர்கள் தரையில் மடியலாகாது, ஆற்றுயிர் ஆற்றுக்கும் கிணற்றுயிர் கிணற்றுக்கும் திரும்புதல் வேண்டும்.

இன்று வடிகட்டும் இயந்திரங்கள் பல இல்லங்களில் உள்ளன. அவை நம் உடலைக் காப்பன, நன்றே. எனினும் முதற்பாதி மட்டும் எஞ்சுமாயின், பிள்ளை கற்பது தன்னைக் காத்தலே. பிறவுயிரைக் காக்கும் அருள் இரண்டாம் பாதியில் அன்றோ உள்ளது!

நன்கு கற்பித்தவரைக் கற்றவர் மறப்பதில்லை. முன்னாளில் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கழுகுமலையில், 8, 9ஆம் நூற்றாண்டுத் திருமேனிகளின் கீழ், குரத்தியர் எனப்பெற்ற பெண் ஆசிரியரின் பெயர்களோடு மாணாக்கர் பெயர்களும் வட்டெழுத்தில் நிலைத்துள்ளன.

பிள்ளைகட்கு முதல் ஆசிரியர் நாமே. ஆதலின் காரணத்தோடு சொல்வோம். கிணற்றடிக்கோ ஆற்றங்கரைக்கோ செல்லும் நாளில், ஒருமுறையேனும் துணியை அலசிக் காட்டுவோம். அறம் வளர்க!