தேவைப்படாத ஓட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "போன எலெக்‌ஷன்ல யாருக்குங்கய்யா ஓட்டு போட்டீங்க?"

"உதயசூரியனுக்கு."

"ஆளுக்கா, சின்னத்துக்கா?"

ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி."

உண்மைதான். கல்வராயன் மலையின் கிழக்குப் பக்கம் சங்கராபுரம் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. அங்கே திமுக வேட்பாளராக நின்றவரின் பெயர் தா. உதயசூரியன். அவர் நின்ற சின்னமும் உதயசூரியன். நாம் ஆளுக்கு ஓட்டுப் போடுகிறோமா, கட்சிக்குப் போடுகிறோமா என்று அரசியல் தத்துவத்தில் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். சங்கராபுரத்தில் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

வண்டி மலையேறத் தொடங்கியபின் பெரியவர் தானாகவே இன்னொன்று சொன்னார். "அவுங்களுக்குக் கீழ இருக்குற ஓட்டே போதும் தம்பி. எங்க ஓட்டு இல்லாமயே ஜெயிச்சிரலாம். அப்புறம் எங்கள எதுக்கு வந்து பாக்கணும், சொல்லு?"

குறைப்படுகிற குரலில் இல்லை அது. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் என்னவோ சொல்லி மழுப்பினேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு யோசித்துச் சொல்லும் பதில்.

*

முதலில் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு எம்.எல்.ஏ.வின் வாழ்க்கையை நாம் பதிவு செய்வதே அப்படித்தான்: எந்த ஆண்டு, எந்தத் தொகுதி, எத்தனை வாக்கு வித்தியாசம்.

உதயசூரியன் 2006-இல் சின்னசேலத்தில் வென்றார். தொகுதி மறுவரையறையில் சின்னசேலம் என்ற தொகுதியே காணாமல் போனது. 2011-இல் சங்கராபுரத்தில் நின்று அதிமுகவின் ப. மோகனிடம் சுமார் 12 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். மோகன் அமைச்சரானார். 2016-இல் அதே மோகனை 14 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் வென்றார். 2021-இல் எதிரே நின்றது பாமக. வித்தியாசம் சுமார் 46 ஆயிரம்.

இந்த எண்களை மலைமேல் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வித்தியாசம் பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம் என்று இருக்கும்வரை ஒவ்வொரு ஊரின் ஓட்டுக்கும் விலை உண்டு. யார் ஜெயித்தாலும் அடுத்த முறை கவிழலாம் என்ற பயம் இருக்கும். நாற்பத்தாறாயிரம் என்று ஆகிவிட்டால் எந்தத் தனி ஊரின் கோபமும் முடிவை அசைக்காது. உதயசூரியன் மலையைக் கவனிக்கவில்லை என்று நான் குற்றம் சொல்ல வரவில்லை. அவர் இடத்தில் யாரை வைத்தாலும் கணக்கு இதுதான். ஆனால் ஒரு சந்தேகம் வருகிறது. வாக்கு வித்தியாசம் கூடக்கூட ஒருவருடைய கடமை குறையுமா? 2016-இல் இருந்த கடன் 2021-இல் தள்ளுபடி ஆகிவிடுமா?

*

கடன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் போவோம். எம்.எல்.ஏ. நமக்கு எதனால் கடன்படுகிறார்?

எல்லோரும் சட்டென்று சொல்லும் பதில்: நாம் ஓட்டுப் போட்டதால். நீ கொடுத்தாய், அவர் திருப்பித் தரவேண்டும். கொடுக்கல் வாங்கல். இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் என்றால், ஓட்டுக்குப் பணம் வாங்கியவனுக்கு அன்றைக்கே பட்டுவாடா முடிந்துவிட்டது. தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவனுக்கு எதுவுமே கிடையாது. தேவைப்படாத ஓட்டுக்குச் சந்தையில் விலையில்லை. பெரியவரின் கேள்விக்கு இந்த வழியில் போனால் கிடைக்கும் பதில், "ஆமாங்கய்யா, வர வேண்டியதில்லை" என்பதுதான்.

இரண்டாவது பதில்: கருணை. நல்ல மனசுள்ள தலைவர் ஏழைபாழைகளைப் பார்ப்பார். ஆனால் கருணையை நம்பி வாழ்வது எப்படி என்று கல்வராயன் மலைக்கு ஏற்கனவே தெரியும். இந்த மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது: சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன். நாடு சுதந்திரமடைந்து, அரசியலமைப்பு வந்து, எத்தனையோ பொதுத்தேர்தல்கள் முடிந்தபிறகும் ஜாகீர்தார்களின் பிடி இங்கே தொடர்ந்தது. 1976-இல்தான் மலை முழுசாக அரசின் கைக்கு வந்தது. ஜாகீர்தார்களிலும் நல்லவர்கள் இருந்திருக்கலாம். கேட்டால் கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க முடியாது. கருணைக்கும் உரிமைக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு "ஏன்".

மூன்றாவது பதிலுக்கு மலையே வழிகாட்டுகிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. இந்த மக்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1996-இல்தான் என்று அப்போது நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. அதை முதன்முதலாகப் படித்தபோது ஆண்டு அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். 1996-இல் ஊரெங்கும் கேபிள் டிவி வந்துவிட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1976-க்கும் 1996-க்கும் நடுவில், ஓட்டே இல்லாத அந்த மக்களுக்கு அன்றைய சட்டமன்ற உறுப்பினர்கள் கடன்பட்டிருந்தார்களா, இல்லையா? இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உங்களுக்கும் எழாது என்று நினைக்கிறேன். வனச் சட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. சாராய வழக்கு அவர்கள்மீது பாய்ந்தது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பதை எங்கோ உட்கார்ந்து யாரோ முடிவு செய்தார்கள். அவர்களை ஆண்டார்கள். ஆண்டதாலேயே கடன் வந்துவிட்டது.

அப்படியென்றால் கடன் ஓட்டிலிருந்து பிறக்கவில்லை. அதிகாரத்திலிருந்து பிறக்கிறது. நீ போடும் சட்டம் யார்யாரைக் கட்டுப்படுத்துமோ அவர்கள் எல்லோருக்கும் நீ பதில் சொல்ல வேண்டும், அவர்கள் உனக்கு ஓட்டுப் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். பதினெட்டு வயதாகாத பிள்ளைக்குக்கூட எம்.எல்.ஏ. கடன்பட்டிருக்கிறார் என்று நாம் நம்புவது இதனால்தான். ஓட்டு என்பது கடனை வசூலிக்க நம் கையில் இருக்கும் ஒரு கருவி. வசூலிக்க முடியாத கடனும் கடன்தான். கடன்காரனுக்குத் தெரியும், கொடுத்தவனுக்கும் தெரியும்.

*

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. "கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எம்.எல்.ஏ. கையில என்ன இருக்கு? கட்சி சொல்றதத்தான செய்யணும்?"

கள்ளக்குறிச்சித் தொகுதியின் கதை இந்த இடத்தில் உதவும். மலைக்குக் கீழே, பக்கத்துத் தொகுதி. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2016-இல் அதிமுகவின் அ. பிரபு நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜெயலலிதா இறந்தார். கட்சி உடைந்தது. பிரபு தினகரன் பக்கம் போனார். 2019 ஏப்ரலில் விருத்தாசலம், அறந்தாங்கி உறுப்பினர்களோடு அவருக்கும் சபாநாயகர் ப. தனபால் நோட்டீஸ் அனுப்பினார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நடவடிக்கைக்குத் தடை வந்தது. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தபின், அந்த ஜூலையில், மூவரும் முதல்வர் எடப்பாடி பழனிசாமி பக்கம் திரும்பினார்கள். 2021-இல் கள்ளக்குறிச்சியில் அதிமுக வேறொருவரை நிறுத்தியது; ம. செந்தில்குமார் வென்றார்.

பிரபு செய்தது சரியா தவறா என்பதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. இந்த விவகாரத்தில் சபாநாயகர் இருந்தார், கட்சிக் கொறடா இருந்தார், நீதிபதிகள் இருந்தார்கள், உறுப்பினர் இருந்தார். கள்ளக்குறிச்சி வாக்காளர் எங்கேயும் இல்லை. போகும்போதும் அவரைக் கேட்கவில்லை, வரும்போதும் கேட்கவில்லை. 1985-இல் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் உறுப்பினரிடமிருந்து கட்சியைக் காப்பாற்றுகிறது. உறுப்பினரிடமிருந்து வாக்காளரைக் காப்பாற்ற அதில் எதுவும் இல்லை.

1774-இல் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் எட்மண்ட் பர்க் பேசியது அரசியல் மாணவர்கள் எல்லோருக்கும் பாடம். உங்கள் உத்தரவை அப்படியே நிறைவேற்றும் ஏஜென்ட் இல்லை நான், என் சொந்த அறிவையும் மனசாட்சியையும் உங்களுக்குத் தரவேண்டியவன் என்றார். ஆறு ஆண்டு கழித்து பிரிஸ்டலில் ஆதரவில்லை என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகினார். பர்க்குக்கு இரண்டு எஜமானர்கள்: மனசாட்சி, வாக்காளர். நம் எம்.எல்.ஏ.வுக்கு மூன்றாவதாகக் கொறடா. சட்டத்தின் பலம் இருப்பது மூன்றாமவரிடம் மட்டும்.

ஆனால் கொறடா கட்டுவது கையை. அவையில் வாக்களிக்கும் நேரத்தில், அந்தக் கையை. கேள்வி கேட்பதையும், கவன ஈர்ப்பு கொடுப்பதையும், மலைக்குப் பேருந்து ஏறிப் போவதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. "கட்சி விடல" என்பது பாதி உண்மைதான்.

*

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள். தங்கள் எம்.எல்.ஏ. இதைப் பற்றி முன்பே சட்டமன்றத்தில் கவன ஈர்ப்பு கொடுத்தார், எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று அதிமுக சொன்னது. சட்டமன்றம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அமளி. ஜூன் 26 அன்று அதிமுக உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி உறுப்பினரின் கட்சியும் அதுதான்.

அமளி செய்தது நியாயமா, இடைநீக்கம் நியாயமா என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். பிணங்கள் எரிந்துகொண்டிருந்த ஊரின் கட்சி வரிசை அவையில் காலியாக இருந்தது. பிரதிநிதித்துவம் என்ற கருத்தைப் பற்றி 1967-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதிய ஹன்னா பிட்கின், அந்தச் சொல்லின் வேரிலிருந்து தொடங்குகிறார்: அங்கே இல்லாதவரை அங்கே இருக்கச் செய்வது. கருணாபுரத்துக்காரர் சென்னையில் இல்லை. அவரை அங்கே இருக்கச் செய்ய ஒருவரை அனுப்பியிருக்கிறோம். அந்த ஒருவர் பேச முடியாமல் போனால், செத்தவர் இரண்டாவது முறையும் இல்லாமல் போகிறார்.

சாராயம் என்றதும் பழி மலைக்குப் போனது. அதன் பிறகுதான் உயர் நீதிமன்றம் மலையைப் பார்த்தது. சாலை, பேருந்து, ரேஷன் கடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூட நீதிபதிகள் சொன்னார்கள். வசூலிக்க ஆளில்லாத கடனை நீதிமன்றம் வசூலிக்க வந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நல்லதுதான். ஆனால் நீதிபதிக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஓட்டு வாங்கியவர்கள் கேட்டிருக்க வேண்டியதை ஓட்டு வாங்காதவர்கள் கேட்டார்கள்.

*

மலையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இதே கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம், கருமந்துறை, சேலம் மாவட்டம். அது ஏற்காடு தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஒரே மலை, ஒரே மலையாளி சனம், கொள்வினை கொடுப்பினை எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. மேற்கே இருப்பவருக்கு எம்.எல்.ஏ. கட்டாயம் ஒரு பழங்குடி. கிழக்கே இருப்பவர் சங்கராபுரத்தில் சமவெளி ஓட்டுகளுக்கு நடுவே ஒரு மூலை. கோட்டை யார் எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒருவருடைய ஓட்டு தேவைப்படும் ஓட்டாகவோ தேவைப்படாத ஓட்டாகவோ ஆகிவிடுகிறது.

ஒதுக்கீடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அம்பேத்கரின் கவலையே அதுதான்: தனித்தொகுதியில் நிற்பவர் நம் ஆள், ஆனால் அவரை ஜெயிக்கவைப்பது மற்றவர்களின் ஓட்டு என்றால் அவர் யாருக்குப் பதில் சொல்வார்? கள்ளக்குறிச்சி மாதிரியான ஒவ்வொரு தனித்தொகுதியிலும் இன்றைக்கும் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது.

நம் ஊர் ஜனநாயகப் பெருமை பேசும்போது எல்லோரும் உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலம், குடவோலை. அது ஒரு பிராமண சபையின் விதி; நிலம் உள்ளவர், வேதம் தெரிந்தவர் மட்டும் நிற்கலாம். மலைக்காரருக்கு அங்கே இடமே இல்லை. ஆனாலும் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவுக்காரர்களும் மறுபடி குடத்துக்குள் பெயர் போட முடியாது. எத்தனை ஓலை விழுந்தது என்பதைவிடக் கணக்குக் காட்டினாரா என்று பார்த்திருக்கிறார்கள். நாம் எம்.எல்.ஏ.க்களைப் பற்றி எழுதும்போது முதல் கணக்கை மட்டும் எழுதுகிறோம். மலைக்கு எத்தனை முறை போனார், அவையில் அதைப் பற்றி எத்தனை முறை எழுந்தார், என்ன பதில் வாங்கிவந்தார் என்ற பத்தி ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். வித்தியாசம் நாலாயிரமோ நாற்பத்தாறாயிரமோ, அந்தப் பத்தி மாறக் கூடாது.

அந்தப் பெரியவர் வெள்ளிமலைக்கு முன்னாலேயே ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். இன்றைக்குக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: உங்க ஓட்டு அவருக்கு வேணும்கிறதுக்காக இல்லீங்கய்யா. அவர் போடுற சட்டத்துக்குக் கீழ நீங்க இருக்கீங்க. அதனால வரணும். நீங்க அவருக்கு ஓட்டே போடலன்னாலும் வரணும். வரலன்னா ஏன்னு கேளுங்க.

"கேட்டா வருவாங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.